பிரிண்டருக்கு நிலையான முகவரி: கையால் எழுத வேண்டாம், ரவுட்டரிடம் சொல்லி வையுங்கள்

பிரிண்டரில் பச்சை விளக்கு எரிகிறது. தாள் இருக்கிறது, மை இருக்கிறது. கம்ப்யூட்டர் மட்டும் ‘பிரிண்டர் ஆஃப்லைன்’ என்று அடம்பிடிக்கிறது.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு திங்கட்கிழமை காலை இப்படித்தான் ஆயிற்று. நெட்வொர்க் பற்றி அரைகுறையாகத் தெரிந்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டரில் பிரிண்டரின் முகவரி 192.168.1.23 என்று பதிவாகியிருந்தது. அந்த முகவரிக்குப் பிங் அனுப்பினேன், அதாவது ‘அங்கே யாராவது இருக்கிறீர்களா?’ என்று கேட்டுப் பார்க்கும் சின்னச் செய்தி. உடனே பதில் வந்தது. சரி, பிரிண்டர் நெட்வொர்க்கில்தான் இருக்கிறது, கோளாறு டிரைவரில் என்று முடிவுகட்டி, டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். ஒரு கம்ப்யூட்டரில் அல்ல, ஐந்தில். மதியம் வரை ஒரு தாள்கூட வெளியே வரவில்லை. வெறுத்துப்போய்ப் பிரிண்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சும்மா இன்னொரு தடவை பிங் அடித்தேன். அப்போதும் பதில் வந்தது!

பிளக் பிடுங்கிய பிரிண்டர் எப்படிப் பதில் சொல்லும்? சொன்னது யாரோ ஒருவரின் செல்பேசி. வார இறுதியில் மின்சாரம் போய் வந்திருக்கிறது. ரவுட்டர் புதிதாகக் கிளம்பி, முதலில் வந்து கேட்டவர்களுக்கெல்லாம் முகவரிகளைக் கொடுத்திருக்கிறது. 23 அந்தச் செல்பேசிக்குப் போய்விட்டது. பிரிண்டருக்குக் கிடைத்தது 37. பிரிண்டரிலோ டிரைவரிலோ ஒரு கோளாறும் இல்லை. கம்ப்யூட்டர்கள்தான் காலி செய்த வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தன.

இதைத் தடுக்கிற வேலை ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் எதற்காகச் செய்கிறோம் என்பது புரிந்தால்தான் சரியாகச் செய்ய முடியும். அதனால் கொஞ்சம் முன்னாலிருந்தே வருவோம்.

தேடிப் போகிறவரும் தேடி வரப்படுகிறவரும்

நெட்வொர்க்கில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி முகவரி வேண்டும். புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. அலுவலகத்துக்கு உள்ளே மட்டும் புழங்கும் முகவரிகள் பெரும்பாலும் 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும். 172.16 முதல் 172.31 வரை இன்னொரு கூட்டம் உண்டு. சிறிய அலுவலகங்களில் முதல் மூன்று எண்கள் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கும். கடைசி எண்தான் ஆளுக்கு ஆள் மாறும்.

உங்கள் கம்ப்யூட்டரின் முகவரி இந்த மாதத்தில் நான்கு முறை மாறியிருக்கலாம். உங்களுக்குத் தெரிந்திருக்காது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. காரணம், கம்ப்யூட்டர் தேடிப் போகிற பக்கம். எங்கிருந்து கிளம்பினாலும் போய்ச் சேருகிற இடம் தெரிந்தால் அதற்குப் போதும். பிரிண்டர் அப்படியல்ல. அது ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். மற்றவர்கள்தான் அதைத் தேடி வர வேண்டும். தேடி வரப்படுகிறவர் சொல்லாமல் இடம் மாறினால் வம்புதான்.

ஆக, எல்லாக் கருவிகளுக்கும் முகவரி தானாகக் கிடைக்க வேண்டும், பிரிண்டருக்கு மட்டும் அது மாறவே கூடாது. முதன்முதலில் கேட்கும்போது இவை இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றும். பலரும் அங்கேதான் தடுமாறிப் போகிறார்கள். தானாகக் கிடைப்பதும் மாறாமல் இருப்பதும் சேர்ந்தே நடக்கும். எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

நான்கு வரிப் பேச்சு

தானாக முகவரி கொடுக்கும் ஏற்பாட்டுக்குப் பெயர் டிஎச்சிபி. சிறிய அலுவலகங்களில் அந்த வேலையை ரவுட்டரே பார்த்துக்கொள்ளும். பெரிய இடங்களில் அதற்கென்று தனி சர்வர் இருக்கும்.

பிரிண்டரை ஆன் செய்தவுடன் அதற்குத் தன் முகவரி தெரியாது. யாரிடம் கேட்க வேண்டும் என்றும் தெரியாது. எனவே பொதுவாகக் கூவுகிறது. அனுப்புநர் என்ற இடத்தில் 0.0.0.0 என்றும், பெறுநர் என்ற இடத்தில் 255.255.255.255 என்றும் போட்டு, “இங்கே முகவரி கொடுக்கிறவர் யாராவது உண்டா?” என்று கேட்கிறது. இது டிஸ்கவர். ரவுட்டர், “நான் இருக்கிறேன். 192.168.1.37 காலியாக இருக்கிறது, வேண்டுமா?” என்கிறது. இது ஆஃபர். “சரி, அதையே எடுத்துக்கொள்கிறேன்” என்பது ரிக்வெஸ்ட். “எழுதிக்கொண்டேன், இன்ன நேரம் வரை அது உனக்கு” என்பது அக்னாலெட்ஜ். நான்கின் முதலெழுத்துகளைச் சேர்த்து நெட்வொர்க்காரர்கள் இதை ‘டோரா’ என்பார்கள்.

மூன்றாவது வரி எதற்கு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே என்று எனக்கு ஆரம்பத்தில் தோன்றியது. ஒரே நெட்வொர்க்கில் முகவரி கொடுக்கிறவர் இரண்டு பேர் இருந்தால் இரண்டு ஆஃபர் வரும். யாருடையதை எடுத்துக்கொண்டோம் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னால்தான், மற்றவர் தான் ஒதுக்கி வைத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். அதனால் அந்த வரியும் பொதுக் கூவலாகவே போகிறது.

கடைசிப் பதிலில் முகவரி மட்டும் வருவதில்லை. எது உள்ளூர், எது வெளியூர் என்று பிரித்துக் காட்டும் சப்நெட் மாஸ்க், வெளியே போக வழியான கேட்வே, பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர் ஆகியவையும் கூடவே வந்துவிடும். அச்சிட மட்டும் என்றால் டிஎன்எஸ் பிரிண்டருக்குத் தேவைப்படாது. ஆனால் ஸ்கேன் செய்ததை அப்படியே மின்னஞ்சலில் அனுப்பும் வசதி வேண்டுமென்றால் கட்டாயம் வேண்டும். இதை நினைவில் வையுங்கள், கொஞ்சம் கழித்துத் திரும்ப வருவோம்.

குத்தகைதான், சொந்தம் இல்லை

‘இன்ன நேரம் வரை’ என்றோமே, அதன் பெயர் லீஸ். தமிழில் குத்தகை. சில ரவுட்டர்களில் அது ஒரு நாள், சிலவற்றில் சில மணி நேரம். விண்டோஸ் சர்வரில் யாரும் மாற்றாவிட்டால் 8 நாள். அந்த 8 நாளையே எடுத்துக்கொள்வோம். பாதிக் காலம், அதாவது 4 நாள் ஆனதும், முகவரி கொடுத்த சர்வரிடம் பிரிண்டர் நேரடியாகப் போய் நீட்டிப்புக் கேட்கும். அங்கிருந்து பதில் இல்லையென்றால், எட்டில் ஏழு பங்கு கழிந்ததும், அதாவது 7ஆம் நாள், “எந்த சர்வராவது நீட்டித்துத் தாருங்கள்” என்று மறுபடி பொதுவாகக் கூவும். 8ஆம் நாள் முடிந்தும் யாரும் தரவில்லையென்றால் அந்த முகவரியை விட்டுவிட வேண்டியதுதான்.

பிரிண்டர் எப்போதும் ஆனிலேயே இருந்தால் நான்கு நாளுக்கு ஒருமுறை குத்தகை புதுப்பிக்கப்பட்டு, மாதக்கணக்கில் அதே முகவரி நீடிக்கும். பலரும் ஏமாறுவது இங்கேதான். “ஒரு வருஷமாக நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது, இன்றைக்கு என்ன வந்தது?” என்பார்கள். ஒரு வருடமும் அது நிலையான முகவரியாக இருந்ததில்லை. மாறுவதற்குச் சந்தர்ப்பம் வரவில்லை, அவ்வளவுதான். நீண்ட விடுமுறையில் பிரிண்டரை அணைத்து வைத்தால் சந்தர்ப்பம் வந்துவிடும். மின்சாரம் போனாலும் வரும். சிறிய ரவுட்டர்கள் பலவும் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற பட்டியலைத் தற்காலிக நினைவகத்தில்தான் வைத்திருக்கின்றன. அணைந்து எரிந்தால் பட்டியல் காலி. நான் மேலே சொன்ன திங்கட்கிழமையின் கதையும் அதுதான்.

பிரிண்டரிலேயே எழுதிவிட்டால் என்ன?

பெரும்பாலோர் முதலில் செய்வது இதைத்தான். பிரிண்டரின் மெனுவுக்குள் போய், தானியங்கியை நிறுத்திவிட்டு, 192.168.1.23 என்று கையால் தட்டிவிடுவார்கள். இதற்கு ஸ்டாட்டிக் ஐபி என்று பெயர். வேலை செய்யுமா என்றால், செய்யும். நானும் செய்திருக்கிறேன். இப்போது செய்வதில்லை.

முதல் சிக்கல், நீங்கள் பிரிண்டரில் எழுதியது ரவுட்டருக்குத் தெரியாது. அதன் கணக்கில் 23 இன்னும் காலிதான். நாளைக்கே அதைத் தூக்கி வேறொரு மடிக்கணினிக்குக் கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன் அங்கே யாராவது இருக்கிறார்களா என்று சோதித்துப் பார்க்கும் ரவுட்டர்கள் உண்டு. ஆனால் அந்த நேரத்தில் பிரிண்டர் அணைந்திருந்தால் சோதித்தும் பயனில்லை. அப்புறம் ஒரே முகவரியில் இரண்டு கருவிகள். சில தாள் வரும், சில வராது. இந்த ‘சில நேரம் வருகிறது’ வகைக் கோளாறுதான் முழுக்க வேலை செய்யாததைவிட மோசம். காரணத்தைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அடுத்தது, மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் மூன்றையும்கூட நீங்களே தட்ட வேண்டும். கேட்வேயைத் தப்பாகப் போட்டாலும் அச்சு வரும், ஏனென்றால் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் உள்ளூர்தான். ஸ்கேன் செய்து மின்னஞ்சல் அனுப்பும்போது மட்டும் முழிக்கும். அந்தப் பிழைக்கும் ஆறு மாதத்துக்கு முன் தட்டிய எண்ணுக்கும் உள்ள தொடர்பு அப்போது யாருக்கு ஞாபகம் வரும்?

மூன்றாவதாக, ரவுட்டரை மாற்றினால் உள்ளூர் முகவரி வரிசையே 192.168.1 என்பதிலிருந்து 192.168.0 என்று மாறிப்போகலாம். தானாக முகவரி வாங்குகிற கருவிகள் எல்லாம் சத்தமில்லாமல் புதிய வரிசைக்கு வந்துவிடும். கையால் எழுதிய பிரிண்டர் மட்டும் பழைய வரிசையில் தனியாக நிற்கும். அதன் செட்டிங்ஸ் பக்கத்தைக்கூட எட்ட முடியாது. பிரிண்டரின் சின்னத் திரைக்கு முன் குனிந்து நின்று, அம்புக்குறிப் பொத்தான்களால் ஒவ்வோர் எண்ணாக ஏற்றி இறக்க வேண்டியதுதான்.

பெயர் ஒட்டிய நாற்காலி

யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்ற அறையில், ஒரு நாற்காலியில் மட்டும் ஒருவர் பெயரை ஒட்டி வைத்தால் எப்படி? அவர் விடுமுறையில் போனாலும் வேறு யாரையும் அதில் உட்காரவைக்க மாட்டார்கள். டிஎச்சிபியில் இதற்கு ரிசர்வேஷன் என்று பெயர். சில ரவுட்டர்களில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’, சிலவற்றில் ‘ஸ்டாட்டிக் லீஸ்’ என்றிருக்கும். இன்னும் சிலவற்றில் ‘ஐபி மேக் பைண்டிங்’. எல்லாம் ஒன்றுதான்.

பிரிண்டர் வழக்கம்போலவே கேட்கும். டிஸ்கவர், ஆஃபர் எல்லாம் அப்படியே நடக்கும். கேட்கிறவர் யார் என்று பார்த்து, அவருக்கென்று எழுதி வைத்ததை ரவுட்டர் எடுத்துக் கொடுக்கும். பிரிண்டரைப் பொறுத்தவரை எல்லாமே தானியங்கிதான். அந்த முகவரி தனக்கென்றே ஒதுக்கப்பட்டது என்பதுகூட அதற்குத் தெரியாது.

கேட்கிறவர் யார் என்று ரவுட்டருக்கு எப்படித் தெரியும்? மேக் முகவரியால். ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் தொழிற்சாலையிலேயே பதித்து அனுப்பும் அடையாளம் அது. 12 இடங்கள், ஒவ்வோர் இடத்திலும் 0 முதல் 9 வரை ஓர் எண்ணோ, ஆங்கிலத்தில் ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்தோ இருக்கும். முதல் ஆறு இடங்கள் தயாரிப்பாளரைக் குறிக்கும். பார்த்து எழுதும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: ஓ என்ற எழுத்து அதில் வரவே வராது. வட்டமாக இருந்தால் ஒன்று பூஜ்யம், இல்லையென்றால் டி. எட்டையும் பி எழுத்தையும் குழப்பிக்கொள்வதும் சகஜம். ஓர் இடம் தப்பினாலும் ரிசர்வேஷன் பலிக்காது.

ஒரு சுவாரஸ்யம். டிஎச்சிபிக்கு முன்னால், 1985இல், பூட்பி என்ற ஏற்பாடு வந்தது. அதில் எந்தக் கருவிக்கு எந்த முகவரி என்று நிர்வாகி முன்கூட்டியே ஒரு பட்டியல் எழுதி வைக்க வேண்டும். குத்தகையும், யார் வந்தாலும் காலியானதைக் கொடுக்கிற பழக்கமும் 1993இல் வந்த டிஎச்சிபி சேர்த்தவை. இன்றும் புழங்கும் அதன் அடிப்படை வரையறையான ஆர்எஃப்சி 2131 வந்தது 1997இல். ஆக, நாம் பிரிண்டருக்குச் செய்யப்போவது பழைய முறைதான்.

இப்போது வேலையைப் பார்ப்போம்

முதலில் பிரிண்டரின் மெனுவில் ‘நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் பேஜ்’ அல்லது அதைப் போன்ற பெயருள்ள ஒன்றைத் தேடி அச்சிடுங்கள். திரை இல்லாத பிரிண்டர்களில் ஏதோ ஒரு பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் வரும். அந்தத் தாளில் இப்போதைய ஐபி முகவரி, மேக் முகவரி, முகவரி தானாக வாங்கியதா கையால் எழுதியதா, எல்லாம் இருக்கும். நான் இந்தத் தாளைப் பிரிண்டரின் பின்பக்கம் ஒட்டி வைத்துவிடுவேன்.

கேபிளுக்கு ஒரு மேக் முகவரி, வைஃபைக்கு வேறொரு மேக் முகவரி என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பிரிண்டர் எதன் வழியாக இணைந்திருக்கிறதோ அதைத்தான் எடுக்க வேண்டும். இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றி, கடைசி இடத்தில் மட்டும் வேறுபடுவதும் உண்டு. ரிசர்வேஷன் போட்டும் வேலை செய்யவில்லை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

அப்புறம் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, டிஎச்சிபி பகுதிக்குப் போங்கள். தற்போது இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். அதில் பிரிண்டரைக் கண்டுபிடித்துத் தேர்ந்தெடுத்தால் மேக் முகவரியைத் தட்டும் வேலை மிச்சம். அடுத்து எந்த ஐபி முகவரி என்று முடிவுசெய்ய வேண்டும். கம்ப்யூட்டர்களில் ஏற்கெனவே ஒரு முகவரி பதிவாகியிருந்தால் முடிந்தவரை அதையே கொடுங்கள். கம்ப்யூட்டர்களைத் தொடவே வேண்டாம். புதிய அலுவலகம் என்றால் பிரிண்டர்களையெல்லாம் 200க்கு மேல் வரிசையாக வைப்பது என் பழக்கம். 201, 202 என்று பார்த்தவுடனே பிரிண்டர் என்று தெரிந்துவிடும். ஒதுக்கும் முகவரி ரவுட்டர் வழக்கமாகக் கொடுக்கும் வரம்புக்கு உள்ளே இருக்க வேண்டுமா, வெளியே இருக்க வேண்டுமா என்பது ரவுட்டருக்கு ரவுட்டர் மாறும். தப்பான பக்கம் கொடுத்தால் பல ரவுட்டர்கள் சேமிக்கும்போதே மறுத்துவிடும்.

சேமித்தாயிற்று. இப்போது பிரிண்டரில் முகவரி வாங்கும் முறை தானியங்கி, அதாவது டிஎச்சிபி என்றே இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு யாராவது கையால் எழுதியிருந்தால் அதை மாற்றுங்கள். பிறகு பிரிண்டரை அணைத்து ஆன் செய்யுங்கள். இதைச் செய்யாமல், ரவுட்டரில் மாற்றினோம், ஒன்றும் ஆகவில்லை என்று குழம்புகிறவர்கள் உண்டு. பழைய குத்தகை இன்னும் கையில் இருக்கும்போது பிரிண்டர் ஏன் புதிதாகக் கேட்கப்போகிறது?

சரிபார்க்கப் பிங்கை நம்பாதீர்கள். ஏன் என்று உங்களுக்கே தெரியும். ஒரு பிரவுசரைத் திறந்து, முகவரிப் பட்டையில் அந்த ஐபி முகவரியைத் தட்டுங்கள். நெட்வொர்க் பிரிண்டர்களில் பெரும்பாலானவை தங்களுக்கென்று ஒரு செட்டிங்ஸ் பக்கம் வைத்திருக்கும். அதில் மாடல் பெயர் தெரிந்தால், அங்கே இருப்பது பிரிண்டரேதான்.

கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு சின்ன விஷயம். விண்டோஸ் தானே தேடிக் கண்டுபிடித்துச் சேர்க்கும் பிரிண்டர் பெரும்பாலும் டபிள்யூஎஸ்டி என்ற வகைப் போர்ட்டில் உட்கார்ந்துவிடும். போர்ட் என்றால் கம்ப்யூட்டர் பிரிண்டருக்கு அச்சு வேலையை அனுப்பும் வழி. பிரிண்டரை அறிவிப்புகள் மூலம் தேடிக்கொள்ளும் முறை அது. நன்றாக ஓடும்போது நல்லது. ரிசர்வேஷன் போட்ட பிறகு, முகவரியை நேரடியாகக் கொடுக்கும் டிசிபி/ஐபி போர்ட்டைச் சேர்ப்பதே எனக்குப் பிடிக்கும். எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். கோளாறு வந்தாலும் தேட ஓர் இடம் இருக்கும்.

எண்ணைப் பார்த்தே நோயைச் சொல்லலாம்

பிரிண்டரின் தாளில் 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால், அது ரவுட்டர் கொடுத்தது அல்ல. கேட்டுக் கேட்டுப் பதில் வராததால் பிரிண்டர் தனக்குத் தானே வைத்துக்கொண்டது. கேபிள் கழன்றிருக்கலாம், கேபிள்களை ஒன்றுசேர்க்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் அணைந்திருக்கலாம், அல்லது கொடுப்பதற்கு ரவுட்டரிடம் முகவரியே மிச்சமில்லாமல் போயிருக்கலாம். 0.0.0.0 என்றிருந்தால் இன்னும் எதுவுமே கிடைக்கவில்லை என்று பொருள்.

உங்கள் வரிசை 192.168.1 என்றிருக்க, பிரிண்டருக்கு 192.168.0 வரிசையில் ஒரு முகவரி வந்திருந்தால், யாரோ வைஃபை எட்டவில்லை என்று இன்னொரு ரவுட்டரைக் கொண்டுவந்து செருகியிருக்கிறார்கள். அதுவும் முகவரி கொடுக்க ஆரம்பித்துவிட்டது. முந்திக்கொண்டு ஆஃபர் அனுப்புகிறவர் பக்கம் பிரிண்டர் போய்விடும்; உங்கள் ரிசர்வேஷன் அந்த ரவுட்டருக்குத் தெரியாது. இரண்டாவது ரவுட்டரில் டிஎச்சிபியை நிறுத்தினால் போதும், கருவியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. விருந்தினர்களுக்கென்று வைத்திருக்கும் தனி வைஃபையில் பிரிண்டரைத் தெரியாமல் இணைத்தாலும் இதே போல வேறு வரிசை எண் வரும்.

அந்தத் திங்கட்கிழமை என்ன ஆயிற்று என்று முடிக்கவில்லை. 23ஐப் பிரிண்டரின் மேக் முகவரிக்கு ஒதுக்கினேன். செல்பேசிக்காரரைத் தேடிப் பிடித்து வைஃபையை அணைக்கச் சொன்னேன். ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டு, பிரிண்டரின் பிளக்கைச் செருகினேன். காலையிலிருந்து வரிசையில் காத்திருந்த தாள்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. அவற்றில் பதினொன்று, நான் அனுப்பிய டெஸ்ட் பேஜ். பின்னாளில் அந்தப் பிரிண்டர் பழுதாகி அதே மாடலில் இன்னொன்று வந்தபோது, ரவுட்டரில் அந்த 12 இடங்களை மட்டும் மாற்றி எழுதினேன். ஒரு கம்ப்யூட்டரையும் தொடவில்லை.